கோதிக் என்றால் இருட்டு என்று யார் சொன்னது? மால்போர்க் போகிறவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

கறுப்புச் சட்டை, கண்ணைச் சுற்றி மை, மண்டையோட்டு மோதிரம், பின்னணியில் இடி மின்னலோடு ஒரு கோட்டை, அதன் உச்சியில் நாலு வௌவால். இணையத்தில் "கோதிக்" என்று தேடினால் முதலில் வந்து விழுவது இதுதான். ஐரோப்பா போய்வந்தவர்கள் போடும் படங்களிலும் எங்கேயாவது ஒரு கூர்க்கோபுரம் தெரிந்துவிட்டால் போதும், யோசிக்காமல் "கோதிக் கோட்டை" என்று எழுதிவிடுகிறார்கள். ஜெர்மனியின் நாய்ஷ்வான்ஸ்டைனுக்குக்கூட அந்தப் பட்டம் கிடைத்திருக்கிறது. அது 1869-இல் கட்டத் தொடங்கிய அரண்மனை. ரயில் ஓடிக்கொண்டிருந்த காலம் அது.

கோதிக் என்பது அடிப்படையில் ஒரு கட்டுமான முறை. கனமான கூரையை உயரத்தில் நிறுத்த வேண்டும், அதன் எடையைத் தரைக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும், அதே சமயம் சுவரில் பெரிய ஜன்னல் வைத்து வெளிச்சத்தையும் உள்ளே விட வேண்டும். இந்த மூன்றையும் ஒன்றாகச் சாதிக்க 12-ஆம் நூற்றாண்டுக் கொத்தனார்கள் கண்டுபிடித்த வழிதான் கோதிக். அதாவது இருட்டுக்கு நேர் எதிரான நோக்கம். பேய்க்கதைகளின் சாயம் எல்லாம் 18-ஆம் நூற்றாண்டில், இங்கிலாந்தில் இந்தக் கட்டடங்களின் இடிபாடுகளை வைத்துத் திகில் கதை எழுத ஆரம்பித்த பிறகு ஒட்டிக்கொண்டது.

இதைப் புரிந்துகொள்ள நான் எடுத்துக்கொள்வது போலந்தின் வடக்கே இருக்கிற மால்போர்க். கதான்ஸ்க் நகரத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நோகாத் ஆற்றங்கரையில் செக்கச்செவேலென்று நிற்கிற செங்கல் கோட்டை, பரப்பளவை வைத்துப் பார்த்தால் உலகத்திலேயே பெரிய கோட்டை என்று சொல்வார்கள். பெரும்பாலும் பூச்சு இல்லாத செங்கல் என்பதால் எடை எங்கே எப்படி இறங்குகிறது என்பதைக் கண்ணாலேயே படிக்க முடிகிற கட்டடம், அதனால்தான் பாடம் நடத்த எனக்கு இது வசதி.

ஏணியில் ஆரம்பிப்போம்

பெயின்ட் அடிக்க வருகிறவர்கள் கொண்டுவரும் இரட்டை ஏணியைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கால்களையும் விரித்து வைத்து நடுவில் ஒரு கயிற்றையோ சங்கிலியையோ கட்டியிருப்பார்கள். அந்தக் கயிற்றை அவிழ்த்துவிட்டு வழவழப்பான டைல்ஸ் தரையில் ஏணியை நிறுத்தி மேலே ஏறினால் என்ன ஆகும்? கால்கள் இரண்டு பக்கமும் சறுக்கி, ஏறியவர் கீழே வந்துவிடுவார். ஏறியவருடைய எடை நேர்கீழே இறங்குகிறது, சரி, ஆனால் ஏணியின் கால் சாய்வாக இருப்பதால் அந்த எடை கீழே மட்டும் போகாமல் வெளிப்பக்கமும் தள்ளுகிறது. இந்தத் தள்ளலுக்குப் பக்கத்தள்ளல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். கோதிக் கதை முழுக்க இதைச் சமாளிக்கிற கதைதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஏணியின் கால்களை அகலமாக விரித்தால் சறுக்கல் அதிகம். நெருக்கி வைத்து ஏணி ஒடுங்கி நெட்டுக்குத்தாக நின்றால் சறுக்கல் குறைவு. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீதி தானாக வரும்.

வளைவும் ஏணிதான்

கல்லையோ செங்கல்லையோ அடுக்கி வாசலுக்கு மேலே வளைத்துக் கட்டுவதை வளைவு என்கிறோம். ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லின்மேல் சாய்ந்து, அதை அழுத்திக்கொண்டு நிற்கிறது. கல்லுக்கு அழுத்தம் பிடிக்கும், எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும், ஆனால் இழுத்தால் உடைந்துவிடும், அதனால் கல்லை அழுத்தத்திலேயே வைத்திருக்க வளைவு நல்ல உபாயம். ஆனால் வளைவின் இரண்டு காலும் ஏணியின் கால்கள் மாதிரிதான். வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும், ராத்திரி பகல் பாராமல், கட்டி அறுநூறு வருஷம் ஆனாலும்.

இந்த வளைவை அப்படியே நீளமாக இழுத்துக்கொண்டு போனால் சுரங்கப்பாதை மாதிரி ஒரு கூரை கிடைக்கும். அதுதான் வளைகூரை. கோதிக்குக்கு முன்னால் ஐரோப்பாவில் இருந்த ரோமனெஸ்க் பாணியில் பல தேவாலயங்களுக்கு இப்படித்தான் கூரை போட்டார்கள். சிக்கல் என்னவென்றால் இந்தக் கூரை, சுவரின் நீளம் முழுக்க, ஓர் அடி விடாமல் பக்கத்தில் தள்ளும். தாங்க வேண்டுமென்றால் சுவரைத் தடிமனாகப் போட வேண்டும். அந்தத் தடித்த சுவரில் பெரிய ஜன்னல் வெட்டினால் அது பலவீனமாகிவிடும், அதனால் ஜன்னல் சின்னதாகிப் போகும், உள்ளே இருட்டும். "கோதிக் இருட்டு" என்று நாம் சொல்வது உண்மையில் இந்த முந்தைய பாணியின் இருட்டு.

கூராக்கினால் என்ன லாபம்?

அரைவட்ட வளைவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அதன் உயரம் எப்போதும் அகலத்தில் சரிபாதி. 6 மீட்டர் அகலமான இடைவெளி என்றால் 3 மீட்டர் உயரம், பேரமே கிடையாது. உச்சியில் கூராகச் சேர்கிற கூர்வளைவு அப்படி இல்லை. அதே 6 மீட்டருக்கு 4 மீட்டரும் உயர்த்தலாம், 6 மீட்டரும் உயர்த்தலாம்.

ஏணியை நெருக்கி வைத்த கதைதான் இங்கேயும். அகலம் மாறாமல் உயரம் இரண்டு மடங்கானால் பக்கத்தள்ளல் ஏறக்குறைய பாதியாகிவிடும். எடை அதிகமும் கீழ்நோக்கியே போவதால் சுவருக்கு நிம்மதி.

இன்னொரு லாபம் வெளியே பேசப்படுவதில்லை, ஆனால் கொத்தனாருக்கு அதுதான் பெரிது என்று நான் நினைக்கிறேன். ஓர் அறை நீளமாக இருக்கிறது, அகலம் குறைவு. நீளப் பக்கம் ஓர் அரைவட்டமும் அகலப் பக்கம் ஓர் அரைவட்டமும் போட்டால் இரண்டின் உச்சியும் வேறு வேறு உயரத்தில் நிற்கும், கூரையைச் சேர்ப்பது பெரிய தலைவலி. கூர்வளைவு என்றால் குறுகிய பக்கத்தைக் கொஞ்சம் கூராக்கி, அகலமான பக்கத்தைக் கொஞ்சம் தட்டையாக்கி, எல்லா உச்சியையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடலாம்.

ஆனால் கூர்வளைவைக் கண்டதும் கோதிக் என்று முடிவுகட்ட வேண்டாம். கெய்ரோவில் 879-இல் முடிந்த இப்னு துலூன் மசூதியில் வரிசையாகக் கூர்வளைவுகள் இருக்கின்றன, கோதிக் பிறப்பதற்கு இரண்டரை நூற்றாண்டு முன்னால். கூர்வளைவை ஐரோப்பியர்கள் கண்டுபிடிக்கவில்லை, வேறு சில உபாயங்களோடு அதைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தச் சேர்க்கை முழுசாகத் தெரிகிற முதல் கட்டடம் என்று பாரீஸுக்குப் பக்கத்தில் இருக்கும் சான் தெனி மடாலயத் தேவாலயத்தில் பலிபீடம் இருக்கும் பீடப் பகுதியைச் சொல்வார்கள். 1144-இல் அர்ப்பணிக்கப்பட்டது. அதைக் கட்டுவித்த மடத்தலைவர் சூஜேருக்கு வெளிச்சத்தின்மேல் அப்படி ஒரு பித்து.

விலாவும் முட்டுச்சுவரும்

வளைகூரையின் முழுப் பரப்பையும் ஒரே கனத்தில் கட்டுவதற்குப் பதிலாக, முதலில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய வளைவுகளைக் கட்டிக்கொண்டு, அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளிகளை லேசான செங்கல்லால் மூடலாம். அந்த மெல்லிய வளைவுகள்தான் விலா. மேலே அண்ணாந்து பார்த்தால் கூரையில் வரிவரியாகத் தெரிவது இவைதான். இன்றைக்கு கான்கிரீட் போட சென்ட்ரிங் அடிப்பதுபோல அன்றும் வளைவு காய்கிறவரை கீழே மரச்சட்டம் கொடுத்தாக வேண்டும். விலா முறையில் கனமான சட்டம் விலாக்களுக்கு மட்டும் போதும், அதைக் கழற்றி அடுத்த பகுதிக்குக் கொண்டுபோகலாம். மரமும் கூலியும் மிச்சம்.

விலாக்கள் கூரையை எங்கே கொண்டுபோய் இறக்குகின்றனவோ அந்தச் சில புள்ளிகளில் எடையும் பக்கத்தள்ளலும் குவிகின்றன. சுவர் முழுக்கத் தள்ளிக்கொண்டிருந்தது இப்போது நாலைந்து இடத்தில்தான் தள்ளுகிறது. அப்படியானால் அந்த இடங்களில் மட்டும் வெளிப்பக்கம் ஒரு கனமான சுவரை முட்டுக் கொடுத்தால் போதுமே. அதுதான் முட்டுச்சுவர். ஏணியின் காலுக்குப் பக்கத்தில் கல்லைப் போட்டுச் சறுக்காமல் நிறுத்துகிற அதே வேலை. இத்தாலிப் பக்கம் பல தேவாலயங்களில் கயிற்று வேலையை இரும்புக் கம்பி செய்கிறது, வளைவின் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு நேராகக் கட்டியிருப்பார்கள்.

இரண்டு முட்டுச்சுவர்களுக்கு நடுவே உள்ள சுவருக்கு இனி பெரிய வேலை இல்லை. தன் எடையைத் தானே தாங்கிக்கொண்டால் சரி. அதை வெட்டியெடுத்து ஜன்னல் வைக்கலாம், கண்ணாடி போடலாம்.

இதில் பேராசைப்பட்டவர்களும் உண்டு. பிரான்சின் பொவே தேவாலயத்தில் உயரத்தின்மேல் உயரம் ஏற்றிக்கொண்டே போனார்கள், 1284-இல் பீடப் பகுதியின் வளைகூரை இடிந்து விழுந்தது.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: வளைவு பக்கத்தில் தள்ளும். கூராக்கினால் தள்ளல் குறையும். விலா அந்தத் தள்ளலைச் சில புள்ளிகளில் சேர்க்கும். முட்டுச்சுவர் அந்தப் புள்ளிகளை வெளியிலிருந்து தாங்கும். மிச்சச் சுவர் ஜன்னலாகும். சென்னை சாந்தோம் தேவாலயத்தைப் பார்த்தவர்களுக்குக் கூர்வளைவும் நெடிய ஜன்னலும் புதிதாக இருக்காது, 1890-களில் இந்தப் பாணியை மறுபடி எடுத்துக்கொண்டு கட்டியது அது.

கோட்டைக்கு எதற்கு இந்த வெளிச்ச வேலை?

நியாயமான கேள்வி. எதிரி அம்பு விடும் இடத்தில் யாராவது பெரிய ஜன்னல் வைப்பார்களா? மாட்டார்கள். அதனால்தான் பல கோட்டைகளில் வெளிமதிலை வைத்துப் பாணி சொல்ல முடியாது. மதில் தடிமனாக, முரட்டுத்தனமாக, எந்தக் காலத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். கோதிக் இருப்பது உள்ளே, மண்டபங்களிலும் கோயிலிலும் நடைக்கூடங்களிலும்.

மால்போர்க்கில் அது இவ்வளவு அதிகமாக இருப்பதற்குக் காரணம், அங்கே குடியிருந்தவர்கள் துறவிகளும்கூட. டியூட்டானிக் அமைப்பு என்று பெயர், சிலுவைப் போர்க் காலத்தில் தோன்றியது, பிரம்மசரியமும் தொழுகையும் ஒரு கையில், வாள் மறுகையில். பால்டிக் கடலோரத்தில் பிரஷ்ய இனக்குழுக்களை அடக்கி, மதம் மாற்றி, அந்த நிலத்தையே தங்கள் நாடாக்கிக்கொண்டார்கள். மால்போர்க்கில் 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கிய கோட்டைக்கு, 1309-இல் அமைப்பின் பெருந்தலைவர் வெனிஸ் நகரத்திலிருந்து தன் இருப்பிடத்தை மாற்றிக்கொண்டார். ஒரு மடம், ஒரு படைமுகாம், ஒரு தலைநகரம் எல்லாம் ஒரே மதிலுக்குள். மடத்துக்குத் தேவாலயம் வேண்டும், உணவுக்கூடம் வேண்டும், தலைநகருக்கு வெளிநாட்டு விருந்தாளிகளை அசத்துகிற மாதிரி மண்டபம் வேண்டும். கோதிக் கட்டடக்காரர்களுக்கு நல்ல வேட்டை.

கல் கிடைக்காத ஊர்

பிரான்சில் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்துச் செதுக்கினார்கள். வட ஐரோப்பியச் சமவெளியில் அப்படி ஒரு கல் சுலபமாகக் கிடைக்காது. பனியுகத்தில் பனிப்பாறைகள் தள்ளிக்கொண்டு வந்து போட்டுவிட்டுப் போன களிமண்ணும், அங்கங்கே உருண்டு கிடக்கும் கருங்கல் பாறைகளும்தான் உண்டு. எனவே பாறையை அஸ்திவாரத்துக்குப் போட்டார்கள், களிமண்ணைச் செங்கல்லாகச் சுட்டார்கள். ஜெர்மனியின் வடகரையில் தொடங்கி பால்டிக் கடலைச் சுற்றி வளர்ந்த இந்தக் கிளைக்குச் செங்கல் கோதிக் என்று பெயர்.

செங்கல்லில் நுணுக்கமான சிலை செதுக்குவது கஷ்டம். பிரெஞ்சுத் தேவாலயங்களில் தெரிகிற கல்பின்னல் வேலையெல்லாம் இங்கே குறைவு, அதற்குப் பதிலாகச் சூளையில் அதிகம் வெந்து கறுத்துப்போன செங்கல்லைப் பொறுக்கி எடுத்துச் சுவரில் சாய்சதுரக் கோலம் போட்டார்கள். மால்போர்க் சுவர்களில் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள், சிவப்புக்கு நடுவில் கண்ணாடி மாதிரி பளபளக்கிற கறுப்புச் செங்கல் தெரியும். கழிவாகப் போக வேண்டியதை அலங்காரமாக்கிய அந்தக் கொத்தனார்மேல் எனக்குத் தனி மரியாதை. கோட்டையில் மடம் இருந்த பகுதிக்கு உயர்கோட்டை என்று பெயர், அதன் தேவாலயத்தின் "தங்க வாசல்" என்கிற கூர்வளைவு வாசலில் உருவங்களைச் சுடுமண்ணிலேயே செய்து சுட்டுப் பதித்திருக்கிறார்கள்.

பறக்கும் முட்டுச்சுவர் என்று ஒன்று உண்டு, சுவரைத் தொடாமல் தள்ளி நின்று, காற்றில் ஒரு பாதி வளைவை நீட்டித் தாங்குவது. பாரீஸ் நோத்ர் தாம் படங்களில் பின்பக்கம் தெரியுமே, அது. அது இல்லையென்றால் கோதிக் இல்லை என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். நடு மண்டபம் பக்கத்து மண்டபங்களைவிட மிக உயரமாக எழும்பும்போதுதான் அதற்குத் தேவை வரும். மால்போர்க் மண்டபங்களுக்கு அந்தத் தேவையே இல்லை, சுவரோடு ஒட்டிய சாதாரண முட்டுச்சுவர் போதும்.

ஒற்றைத் தூண்

மால்போர்க்கில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று என்று யாராவது கழுத்தில் கத்தி வைத்துக் கேட்டால், பெருந்தலைவர் மாளிகையின் கோடைக்கால உணவுக்கூடத்தைச் சொல்வேன். 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டி முடிந்த மாளிகை. கூடம் ஏறக்குறைய 14 மீட்டர் சதுரம். மூன்று பக்கமும் ஜன்னல், இரண்டு வரிசையாக. நடுவில் ஒரே ஒரு மெல்லிய கருங்கல் தூண். அதன் தலையிலிருந்து விலாக்கள் நாலாபக்கமும் விரிந்து மேலேறி, சுவர்களை நோக்கி இறங்குகின்றன. முழுக்கூரையும் அந்தத் தூணைச் சுற்றித்தான்.

இவ்வளவு கூரைக்கு இவ்வளவு ஒல்லியான தூணா என்று தோன்றும். இங்கேதான் ஏணிக் கணக்கு வேலை செய்கிறது. கிழக்கேயிருந்து வருகிற விலா தூணை மேற்கே தள்ளுகிறது. மேற்கேயிருந்து வருவது அதே அளவில் கிழக்கே தள்ளுகிறது. வடக்கும் தெற்கும் அப்படியே. எல்லாத் தள்ளலும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் தூணுக்கு மிஞ்சுவது நேர்கீழே இறங்கும் எடை மட்டும்தான். நேர்எடையைத் தாங்கக் கருங்கல்லுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஒல்லியாக இருந்தாலும் நிற்கும்.

ஆனால் விலாவின் மறுமுனை சுவரில் போய் முட்டுகிறதே, அங்கே எதிர்த்தள்ளல் கொடுக்க எதிர்ப்பக்கம் யாரும் இல்லை. அதற்கு வெளியே முட்டுச்சுவர் வேண்டும். வெளியே வந்து ஆற்றுப் பக்கத்திலிருந்து இந்த மாளிகையின் முகப்பைப் பாருங்கள். முட்டுச்சுவர்கள் கீழிருந்து நெடுநெடுவென்று ஏறிவருகின்றன, ஜன்னல் மட்டத்துக்கு வந்ததும் திடீரென்று காணாமல் போகின்றன, அந்த இடத்தில் ஜோடி ஜோடியாக ஒல்லிக் கல்தூண்கள், அவற்றுக்கு மேலே மறுபடியும் முட்டுச்சுவர். ஜன்னலுக்குப் பக்கவாட்டிலிருந்தும் வெளிச்சம் வரட்டும் என்று முட்டுச்சுவரிலேயே கைவைத்திருக்கிறார்கள். இது தேவைக்குச் செய்த வேலை இல்லை, என்னால் முடியும் பார் என்று காட்டுவதற்குச் செய்தது. கணக்கில் அவ்வளவு நம்பிக்கை. கோட்டைக்கு இது உகந்ததா என்றால், இல்லை. ஆறும் கீழ்மதிலும் காக்கும் என்ற தைரியம்தான்.

இந்தத் தூணை வைத்து ஒரு கதை சொல்வார்கள். 1410 ஜூலை 15-இல் கிரன்வால்ட் போரில் போலந்து-லித்துவேனியப் படை டியூட்டானிக் படையைச் சிதறடித்தது, பெருந்தலைவரே களத்தில் செத்தார். போலந்து மன்னர் யாகியெல்லோ மால்போர்க்கை வந்து முற்றுகையிட்டார். உள்ளே தலைவர்கள் ஆலோசனை நடத்துகிற நேரம் பார்த்து அந்த ஒற்றைத் தூணைக் குறிவைத்துப் பீரங்கிக் குண்டு விட்டார்களாம், குறி தப்பிச் சுவரில் பதிந்ததாம். கணப்புக்கு மேலே சுவரில் குண்டைக் காட்டுவார்கள். கதை உண்மையோ இல்லையோ, சொன்னவருக்குக் கட்டுமானம் தெரிந்திருக்கிறது. அந்தத் தூண் போனால் நாலு பக்கத்து விலாவுக்கும் பிடிமானம் போகும், கூரை மொத்தமும் இறங்கும். முற்றுகை செப்டம்பரில் கைவிடப்பட்டது, கோட்டை விழவில்லை.

அது கடைசியில் விழுந்தது பணத்தால். சம்பளம் கொடுக்க முடியாமல் கூலிப்படைக்குக் கோட்டையையே ஈடு வைத்திருந்தார்கள், அவர்கள் 1457-இல் போலந்து மன்னருக்கு விற்றுவிட்டார்கள்.

பெருந்தலைவர் மாளிகை நிற்கும் பகுதியான நடுக்கோட்டையின் பெரிய உணவுக்கூடம் இதே கணக்கின் பெரிய பதிப்பு. 30 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், நடுவே வரிசையாக மூன்று எண்கோணக் கருங்கல் தூண்கள். ஒவ்வொன்றின் தலையிலிருந்தும் விலாக்கள் ஓலை மாதிரி விரிவதால் இதைப் பனை வளைகூரை என்பார்கள். குளிருக்குத் தரைக்குக் கீழே அடுப்பு இருக்கிறது. கல்லைச் சூடேற்றி, நெருப்பை அணைத்துவிட்டு, புகையில்லாத சூடான காற்றைத் தரையிலுள்ள துளைகள் வழியாக மேலே விட்டார்கள். துளைகளுக்கு மூடி உண்டு. தேவையென்றால் திறக்கலாம்.

நீங்கள் பார்ப்பதில் எது பழசு?

இது இரண்டாவது பெரிய குழப்பம். "இடைக்காலக் கோட்டை" என்றதும் ஒவ்வொரு செங்கல்லும் 700 வருஷப் பழசு என்று நினைத்துவிடுகிறோம். 1772-இல் மால்போர்க் பிரஷ்யா என்ற ஜெர்மானிய அரசின் கைக்குப் போனது. ராணுவக் குடியிருப்பாகவும் தானியக் கிடங்காகவும் மாற்றினார்கள், மூட்டை அடுக்க வசதியாக உயர்கோட்டையில் வளைகூரைகளை உடைத்தார்கள். 1803 வாக்கில் எதிர்ப்புக் குரல் எழுந்த பிறகுதான் இடிப்பு நின்றது. 1882-இலிருந்து கான்ராட் ஸ்டைன்பிரெக்ட் என்ற கட்டடக்கலைஞர் நாற்பது வருஷம் அங்கேயே கிடந்து, சுவரில் மிஞ்சிய விலாத் தடங்களை ஆராய்ந்து உயர்கோட்டையைத் திரும்பக் கட்டினார். 1945-இல் நடந்த சண்டையில் கோட்டையில் ஏறக்குறைய பாதி நாசமானது, தேவாலயம் நொறுங்கியது. கிழக்குச் சுவர் மாடத்தில் மொசைக் பதித்து நின்ற 8 மீட்டர் மரியாள் சிலையும் போனது. போலந்து அரசு 1961-இல் அருங்காட்சியகம் அமைத்துப் பழுதுபார்ப்பை நடத்தியது, 1997-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, மரியாள் சிலை 2016-இல் தன் மாடத்துக்குத் திரும்பியது.

அதனால் இது போலி என்று சொல்ல வேண்டுமா? நான் சொல்ல மாட்டேன். பெருந்தலைவர் மாளிகையும் பெரிய உணவுக்கூடமும் பெருமளவு பழசு. உயர்கோட்டையில் நிறைய திரும்பக் கட்டியது, ஆனால் தடயத்தை வைத்துக் கட்டியது. தேவாலயத்தின் உள்ளே போரின் காயங்களை மறைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள், பூசி மெழுகியிருந்தால் எனக்குப் பிடித்திருக்காது. வெளிச்சுவரில் பழைய செங்கல்லுக்கும் புதுசுக்கும் நிறம் மாறும் கோடு பல இடத்தில் பளிச்சென்று தெரியும்.

ஊரின் கதை இன்னும் சோகம். கோட்டைக்கு மீண்ட பாக்கியம் ஊருக்கு இல்லை. போரில் அழிந்த பழைய ஊரைத் திரும்பக் கட்டவில்லை, இடிபாட்டுச் செங்கல்லை வார்சாவையும் கதான்ஸ்கையும் கட்ட எடுத்துப் போனார்கள், 1960-களில் அந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் வந்தன. பழைய நகர்மன்றம், புனித யோவான் தேவாலயம், இரண்டு நகர வாசல்கள், அவ்வளவுதான் மிச்சம். நகர்மன்றக் கட்டடத்தின் கூர்வளைவுகளுக்குப் பின்னாலேயே பால்கனியில் துணி காயும். ஊருக்குள் போகாமல் கோட்டையோடு திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம், ஒரு அரைமணி நேரம் நடந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

போனால் எப்படிப் பார்ப்பது

அரைநாளாவது ஒதுக்குங்கள். ஆடியோ கைடு வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அது சொல்லும் வேகத்துக்கு ஓட வேண்டாம். ஒவ்வொரு அறையிலும் முதலில் அண்ணாந்து விலாவைப் பிடியுங்கள், அது எங்கே இறங்குகிறது என்று பாருங்கள், பிறகு அந்த இடத்துக்கு வெளியே முட்டுச்சுவர் இருக்கிறதா என்று ஜன்னல் வழியாக எட்டிப்பாருங்கள். உயர்கோட்டை முற்றத்தில் கிணற்றுக் கூரையின் உச்சியில் குஞ்சுகளுக்கு ஊட்டும் பெலிக்கன் பறவை ஒன்று இருக்கும். கோட்டையிலிருந்து தள்ளி, மேல்நடைபாதையால் இணைத்துத் தனியாக ஒரு கோபுரம் நிற்கும், அது கழிப்பறை, அங்கே முட்டைக்கோஸ் இலையைத்தான் காகிதமாகப் பயன்படுத்தினார்கள் என்று வழிகாட்டிகள் சொல்லாமல் விடமாட்டார்கள்.

படம் எடுக்க ஆற்றின் மறுகரைக்குப் பாலத்தில் நடந்து போங்கள், சாயங்காலம் போனால் மேற்கு முகப்பில் வெயில் விழும். ஜூலையில் முற்றுகையை நடித்துக்காட்டும் விழா நடக்கும், கூட்டம் பிடிக்காதவர்கள் அந்த நாட்களைத் தவிர்த்துவிடலாம்.

அப்புறம் கதான்ஸ்க் திரும்பியதும் மரியாள் தேவாலயத்துக்குப் போங்கள். அதுவும் செங்கல் கோதிக்தான், 1343-இல் தொடங்கி 1502-இல் முடித்தது. வெளியே ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் சுவர் தட்டையாக இருக்கும், முட்டுச்சுவர் ஒன்றும் கண்ணில் படாது. அவ்வளவு உயரக் கூரையின் தள்ளல் எங்கே போகிறது என்று குழம்பிக்கொண்டே உள்ளே நுழைந்து, ஓரத்துச் சிற்றாலயங்களுக்கு நடுவே நிற்கும் குறுக்குச் சுவர்களைப் பாருங்கள். முட்டுச்சுவர்களை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்.